கையால் செய்த கையடக்க வீடியோ கேமில் வெளி ஜாய்ஸ்டிக் போர்ட் பொருத்துவது எப்படி

பழைய டிவி கேம் போர்டை வெட்டி, சின்ன எல்சிடி திரையும் பேட்டரியும் சேர்த்து, கையில் பிடித்து ஆடும் பெட்டியாக மாற்றும் வரை பலரும் வந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் "ரெண்டு பேர் எப்படி ஆடுறது?" என்ற கேள்வி வரும். சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அக்கா பையனும் அவன் கூட்டாளியும் ஒரே பெட்டியைப் பிடுங்கிப் பிடுங்கி ஆடியதைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு ஜாய்ஸ்டிக் போர்ட் வைக்கலாம் என்று இறங்கினேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது ஆறு வாரம் இழுத்தது. நடுவில் ஒரு பூஸ்ட் போர்டு (பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும் சின்னப் பலகை) கருகியது. அந்த ஆறு வாரமும் நூற்றுக்கணக்கில் போன ரூபாயும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேசட் போட்டு ஆடும் 8-பிட் டிவி கேம், அதன் 9 பின் ஜாய்ஸ்டிக் ஆகியவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். காயலாங்கடையில் கிடைக்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பார்த்திருக்கிறேன். ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டில் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அதன் ஜிபிஐஓ கால்கள், அதாவது சிக்னல் போய்வரும் பின்கள், 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கீழே நான் 5 வோல்ட் என்று சொல்லும் எதையும் அதில் நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

1. சால்டரிங் அயர்னைத் தொடும் முன் கால்களைக் கண்டுபிடியுங்கள்

என்னைப் பெரிதாகக் கவிழ்த்த இடம் இதுதான். பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று கெட்டுப்போய், இன்னொன்று வாங்கப் போனேன். கடைக்காரர் 9 பின் ஜாய்ஸ்டிக் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதாண்ணா, பின் உள்ள போனா ஓடிடும்" என்றார். பின் உள்ளே போகத்தான் செய்தது. நெம்புகோல் வைத்த அந்தப் பழைய மாடலின் பட்டனை அமுக்கியதும் பூஸ்ட் போர்டிலிருந்து புகை வந்தது.

காரணம் எளிது. 9 பின் பிளக் என்பது வெறும் கூடு. உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்பது ஒவ்வொரு வகைக்கும் வேறு. என் டிவி கேமில் 2-ஆவது கால் டேட்டா, 3 லாட்ச், 4 கிளாக், 6-இல் 5 வோல்ட், 8 கிரவுண்டு (டேட்டா, லாட்ச், கிளாக் என்ன செய்கின்றன என்பது 2-ஆம் பகுதியில்). அட்டாரி என்ற வேறு பழைய கேம் வகை ஜாய்ஸ்டிக்கில் சுடும் பட்டன் 6-ஆவது காலுக்கும் 8-ஆவது காலுக்கும் நடுவில் வெறும் சுவிட்சாக இருக்கிறது. அதை அமுக்கினால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேராக முட்டிக்கொள்ளும். மெகா டிரைவ் என்ற இன்னொரு கேமின் ஜாய்ஸ்டிக்கும் இதே கூடுதான்; அதில் 5 வோல்ட் எதிர்பார்ப்பது 5-ஆவது காலில்.

நான் மேலே சொன்ன எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை என் பெட்டியின் எண்கள். ஒயர் நிறத்தையும் நம்ப வேண்டாம். என்னிடம் இருந்த ஒரு ஜாய்ஸ்டிக்கில் கிரவுண்டு சிவப்பு ஒயரில் இருந்தது. மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, உங்கள் ஜாய்ஸ்டிக்கையே கேளுங்கள்.

ஜாய்ஸ்டிக்கின் பின்புற ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே 16 கால் உள்ள கருப்பு ஐசி இருந்து, அதன் முதுகில் 4021 என்று எழுதியிருந்தால் வேலை ஐந்தே நிமிடம். 16-ஆவது கால் 5 வோல்ட், 8 கிரவுண்டு, 9 லாட்ச், 10 கிளாக், 3 டேட்டா. மீட்டரின் ஒரு முனையை ஐசி காலிலும், மறுமுனையைப் பிளக்கின் துளைகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். எங்கே பீப் அடிக்கிறதோ அதைத் தாளில் குறியுங்கள். துளைக்குள் மீட்டர் முனை போகாவிட்டால் ஒரு குண்டூசியைச் செருகி அதைத் தொடலாம்.

ஐசிக்குப் பதிலாகக் கருப்புத் தார் மாதிரி ஒரு பொட்டு இருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. கிரவுண்டு அப்போதும் சுலபம்: எல்லாப் பட்டனுக்கும் பொதுவாக ஓடும் தடம்தான் கிரவுண்டு. மற்றவற்றைக் கன்சோல், அதாவது டிவி கேம் போர்டின் பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். பழைய பெட்டியை வெட்டும் முன்பே, ஜாய்ஸ்டிக் எதுவும் செருகாமல், ஒன்றாம் போர்ட்டில் இப்படிப் பாருங்கள்:

பவர் இல்லாதபோது, போர்டில் இருக்கும் 7805 ரெகுலேட்டரின் மூன்றாவது காலோடு பீப் அடிப்பது 5 வோல்ட். நடுக்காலோடு பீப் அடிப்பது கிரவுண்டு. பிறகு பவர் போட்டு மீட்டரை 20 வோல்ட் டிசிக்கு மாற்றுங்கள். கிரவுண்டோடு பீப் அடிக்காத, ஆனால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கால் பெரும்பாலும் லாட்ச். 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கால் மிஞ்சும்: டேட்டா, கிளாக். 10கே ரெசிஸ்டர் ஒன்றை அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பிடியுங்கள். வோல்ட் சட்டென்று இறங்கினால் அது டேட்டா. அசையாமல் நின்றால் கிளாக். டேட்டா என்று சந்தேகப்படும்படி இரண்டு கால் இருந்தால், ஆட்டத்தின் மெனு ஓடும்போது 1கே ரெசிஸ்டர் வழியாக ஒவ்வொன்றையும் கிரவுண்டில் தொடுங்கள். எதைத் தொட்டால் ஆட்டம் தானாக நகர்கிறதோ அதுதான் டேட்டா.

பெட்டியை ஏற்கெனவே வெட்டி, போர்ட்டையும் தூக்கி எறிந்துவிட்டீர்களா? போர்டில் போர்ட் இருந்த துளைகளிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

2. எந்த ஒயர் பொது, எது தனி

ஜாய்ஸ்டிக்குக்குள் நடப்பது இவ்வளவுதான்: கன்சோல் லாட்சைத் தட்டியதும் 8 பட்டன்களின் நிலையும் ஐசிக்குள் ஏறும். பிறகு ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரு பட்டன் வீதம் டேட்டா ஒயரில் வரிசையாக வெளியே வரும். வரிசை ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். பட்டன் அமுங்கியிருந்தால் ஒயர் பூஜ்ஜியத்துக்கு இறங்கும், இல்லாவிட்டால் 5 வோல்ட்டில் நிற்கும். இந்த வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கோளாறு தேடும்போது இதுதான் கைகொடுக்கும்.

இரண்டு போர்ட்டுக்கும் 5 வோல்ட், கிரவுண்டு, லாட்ச் மூன்றும் பொது. டேட்டா தனித்தனி. கிளாக்கும் தனித்தனி; இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "கிளாக் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே" என்று இரண்டையும் இணைத்தால் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் உளறும். ஆக மொத்தம் 7 ஒயர்.

டிவி கேமோடு வரும் விளையாட்டுத் துப்பாக்கிக்கான ஒயர்களை இழுக்காதீர்கள். அந்தத் துப்பாக்கி பழைய பிக்சர் டியூப் டிவியில் கோடு கோடாக வரையப்படும் ஒளியின் நேரத்தைக் கணக்கிட்டு வேலை செய்வது. உங்கள் எல்சிடி திரையில் அது சுடாது.

3. சாமான், செலவு, நேரம்

வாங்கும் முன் ஒரு தாளில் இரண்டு போர்ட்டையும் வரைந்து, ஒவ்வொரு காலுக்கும் பெயர் எழுதி, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கடை நெரிசலில் நின்று யோசிக்க முடியாது.

நான் ரிச்சி தெருவில்தான் வாங்கினேன். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி நடந்தால் போதும், மாற்ற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் சில்லறை சாமான் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். வார நாளில் காலை 11 மணி வாக்கில் போனால் ஒரு மணி நேரத்தில் திரும்பலாம்.

நான் கொடுத்த விலை இது. உங்களுக்குப் பத்து, இருபது முன்பின் ஆகலாம்.

டிபி9 (9 பின்) "மேல்" கனெக்டர், அதாவது ஊசி உள்ள ஆண் வகை, ஒயர் பற்ற வைக்கும் குழி உள்ளது, 2: 40 ரூபாய்
டிபி9 ஃபீமேல் (துளை உள்ளது), 1: 20 ரூபாய்
சிடி4021 ஐசி, 2: 50 ரூபாய்
1என்4148 டயோடு, 10: 10 ரூபாய்
100 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ், 2: 20 ரூபாய்
10கே, 1கே ரெசிஸ்டர், 104 கப்பாசிட்டர் சில: 10 ரூபாய்
ரிப்பன் கேபிள் ஒரு மீட்டர்: 40 ரூபாய்
ஹீட் ஷ்ரிங்க் டியூப்: 10 ரூபாய்
ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவம் 100 மில்லி: 80 ரூபாய்

மொத்தம் 280 ரூபாய். கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு 25 வாட் அயர்ன் 280, சாதாரண மல்டிமீட்டர் 300, ஈயமும் ஃப்ளக்ஸும் 180 என்று இன்னும் 760 ஆகும்.

கனெக்டர் கேட்கும்போது ஜாய்ஸ்டிக் பிளக்கைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். பிளக்கில் துளை என்றால் பெட்டியில் ஊசி வேண்டும், அதாவது ஆண் வகையான "மேல்". பிசிபியில் நிற்க வைக்கும் வளைந்த கால் கனெக்டரைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். ஐசியை ஒருமுறை வாங்கினால் திருப்பி எடுக்க மாட்டார்கள். மீட்டருக்கு மட்டும் பில் கேட்டு வாங்கி வையுங்கள். முதல் வாரத்திலேயே பீப் அடிக்காமல் போன என் மீட்டரை அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டித்தான் மாற்றினேன்.

அளவு பார்க்கப் பெட்டியையும் எடுத்துப் போவதாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியைப் பூட்டிக்கொண்டு போங்கள். ஒயர் தொங்கும் பெட்டி மெட்ரோ ஸ்கேனரில் போனால் திறந்து காட்டச் சொல்வார்கள்.

நேரம்: கால் கண்டுபிடிக்க ஒரு மாலை, சாமானுக்கு ஒரு காலை, துளையும் சால்டரிங்கும் ஒரு ஞாயிறு, சோதனைக்கு இன்னொரு மாலை.

4. பெட்டியில் துளை

டிபி9-இன் இரண்டு ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவே 25 மி.மீ. முதலில் அந்த இரண்டையும் போட்டு, பிறகு நடுவில் டி வடிவத்தைச் சின்னச் சின்னத் துளைகளாகக் குத்தி, அரத்தால் ராவுங்கள். கனெக்டருக்குப் பின்னால் ஒயர் வளைய இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். பேட்டரி செல் மேல் கனெக்டரின் ஊசிகள் அழுந்தும் மாதிரி ஒருபோதும் வைக்காதீர்கள். லித்தியம் செல்லின் உறை கிழிந்தால் தீப்பிடிக்கும்.

யுஎஸ்பி சாக்கெட்டை ஜாய்ஸ்டிக் போர்ட்டாகப் பயன்படுத்தலாமே என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். வீட்டில் யாராவது ஒருநாள் அதில் போன் சார்ஜரைச் செருகுவார்கள்.

5. பற்ற வைப்பது

டிபி9-ஐத் திருப்பிப் பார்க்கும்போது எண்கள் கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறும். முன்பக்கம் பார்த்து வரைந்த தாளை வைத்துக்கொண்டு பின்பக்கம் பற்ற வைத்ததால் என் முதல் போர்ட்டில் 2-ம் 4-ம் மாறிப்போயின. பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் எண் பொறித்திருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கி அந்த எண்ணைப் பார்த்தே பற்ற வையுங்கள், தாளின் படத்தைப் பார்த்து வேண்டாம்.

ஒரு நல்ல வழி: பற்ற வைக்கும்போது அந்த ஃபீமேல் கனெக்டரை முன்பக்கம் செருகியே வைத்திருங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் நேராக நிற்கும். அந்த 20 ரூபாய் இதற்குத்தான்.

குழிக்கு முதலில் ஈயம், ஒயர் நுனிக்கு ஈயம், பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு விநாடிச் சூடு. ஒவ்வொரு காலுக்கும் ஹீட் ஷ்ரிங்க். ரிப்பன் கேபிளில் கிளாக்குக்கும் டேட்டாவுக்கும் நடுவில் கிரவுண்டு வரும்படி வரிசை போடுங்கள். கிளாக்கின் துடிப்பு டேட்டாவில் கசியாது. உள்ளே ஓடும் நீளம் ஒரு சாணைத் தாண்ட வேண்டாம்.

5 வோல்ட் ஒயர் மட்டும் நேராகப் போகக் கூடாது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதன் வழியில் ஒரு பாலிஃபியூஸ். தவறான ஜாய்ஸ்டிக்கை யாராவது செருகினால் அது சூடாகி மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும், பிளக்கைப் பிடுங்கியதும் ஆறித் திரும்பும். 10 ரூபாய் சாமான். அது இருந்திருந்தால் என் பூஸ்ட் போர்டு தப்பியிருக்கும். பாலிஃபியூஸுக்குப் பிறகு 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 104 கப்பாசிட்டர். 5 வோல்ட்டைப் பூஸ்ட் போர்டின் வெளிவரும் பக்கத்திலிருந்து எடுங்கள், பேட்டரியிலிருந்து அல்ல.

6. பெட்டியின் பட்டன்களும் போர்ட் ஒன்றும்

பெட்டியிலேயே பட்டன் இருக்கிறது. அதற்கும் உள்ளே ஒரு 4021 இருக்கிறது. வெளியே ஒன்றாம் போர்ட்டிலும் ஜாய்ஸ்டிக் செருகினால் இரண்டு ஐசியும் ஒரே டேட்டா ஒயரில் பேசும். ஒன்று 5 வோல்ட்டுக்கு இழுக்க, மற்றது பூஜ்ஜியத்துக்கு இழுக்க, நடுவில் கன்சோலுக்கு எதுவும் புரியாது. சில பட்டன் வேலை செய்யும், சில செய்யாது. நான் இரண்டு வாரம் பட்டன் கார்பனைத் துடைத்துக்கொண்டிருந்தது இதனால்தான்.

ஒரு வழி, டேட்டா ஒயரில் மட்டும் ஸ்லைடு சுவிட்ச் வைத்து உள்ளே, வெளியே என்று மாற்றுவது. வேலை செய்யும், ஆனால் குழந்தைகள் சுவிட்சை மறந்துவிட்டுப் பெட்டி கெட்டுவிட்டது என்பார்கள். எனக்குப் பிடித்தது டயோடு வழி. உள் ஐசியின் டேட்டாவுக்கு ஒரு டயோடு, வெளி போர்ட்டின் டேட்டாவுக்கு ஒரு டயோடு. கோடு போட்ட முனை ஐசி அல்லது போர்ட் பக்கம், மறுமுனைகள் இரண்டும் சேர்ந்து கன்சோலின் டேட்டாவுக்கு. சேரும் அந்த இடத்திலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர். இப்போது எந்த ஐசியும் பூஜ்ஜியத்துக்கு மட்டும்தான் இழுக்க முடியும். யார் அமுக்கினாலும் ஆட்டம் கேட்கும், ஜாய்ஸ்டிக் செருகாவிட்டாலும் பிரச்சினை இல்லை. லாட்சும் ஒன்றாம் போர்ட்டின் கிளாக்கும் உள் ஐசிக்கும் வெளி ஜாய்ஸ்டிக்குக்கும் சேர்ந்தே போகலாம்.

10கேக்குப் பதிலாக 1கே போட்டால் கூர்மையாக இருக்கும் என்று தோன்றும். போடாதீர்கள். 5 வோல்ட்டில் 4021 இழுக்கக்கூடியது சுமார் ஒரு மில்லி ஆம்பியர்தான். 4.7கேக்குக் கீழே போனால் அதனால் பூஜ்ஜியம் வரை இறக்க முடியாது. உள் ஐசியை நீங்களே பொருத்துவதானால் 11-ஆவது காலைக் கிரவுண்டில் கட்டுங்கள். ஒவ்வொரு பட்டன் காலுக்கும் 5 வோல்ட்டிலிருந்து ஒரு 10கே கொடுக்கவும் மறக்க வேண்டாம்.

7. பவர் போடும் முன்

பேட்டரி இல்லாமல், போர்ட்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். பீப் அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு காலையும் பக்கத்துக் காலோடு பாருங்கள். ஒன்றும் அடிக்கவில்லை என்றால் பவர் போட்டு, ஜாய்ஸ்டிக் செருகாமல் அளவுங்கள்: 5 வோல்ட் காலில் 5-ஐ ஒட்டி, லாட்சில் பூஜ்ஜியத்தை ஒட்டி. ஒன்றாம் போர்ட்டின் டேட்டாவை அளந்து முடிவு செய்ய வேண்டாம்; உள் ஐசி எட்டுப் பட்டனையும் அனுப்பியதும் அடுத்த லாட்ச் வரை அந்த ஒயரைப் பூஜ்ஜியத்திலேயே வைத்திருக்கும். இரண்டாம் போர்ட்டின் டேட்டா 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது அலைபாய்ந்தால் அதற்கும் ஒரு 10கே கொடுங்கள். இவ்வளவும் சரியான பிறகே ஜாய்ஸ்டிக்.

8. கோளாறு காட்டும் அடையாளங்கள்

ஏ அமுக்கினால் எல்லாப் பட்டனும் சேர்ந்து அமுக்கிய மாதிரி ஆகிறது, மற்ற பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை: கிளாக் வரவில்லை. முதல் பட்டனையே எட்டு முறை படிக்கிறது. லாட்ச் 5 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டாலும் இதே அடையாளம்தான்.

பி அமுக்கினால் ஏ, ஸ்டார்ட் அமுக்கினால் செலக்ட்: வரிசை ஒரு படி நகர்ந்திருக்கிறது. கிளாக் ஒயரில் இரைச்சல் ஏறி ஒரு துடிப்பு கூடுதலாக எண்ணப்படுகிறது. கிரவுண்டு இணைப்பைப் புதிதாகப் பற்ற வையுங்கள், கிளாக் ஒயரைத் திரையின் கேபிளிலிருந்தும் பூஸ்ட் போர்டின் காயிலிலிருந்தும் தள்ளி ஓட்டுங்கள். எனக்கு அப்படித் தள்ளியதிலேயே சரியானது.

எதையும் தொடாமலே எல்லாம் அமுங்கியிருக்கிறது: டேட்டா கிரவுண்டில் முட்டியிருக்கிறது, அல்லது லாட்ச் போய்ச் சேரவில்லை.

ஒருவர் அமுக்கினால் இருவரும் நகர்கிறார்கள்: இரண்டு டேட்டா ஒயரும் எங்கோ ஒட்டியிருக்கின்றன.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஜாய்ஸ்டிக் மட்டும் நின்றுபோகிறது: பாலிஃபியூஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஜாய்ஸ்டிக் கேபிளின் கழுத்தில் உள்ளே ஷார்ட்.

9. உப்புக் காற்று

இது நம் பக்கத்துக்கே உரியது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஓரம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஃப்ளக்ஸைத் துடைக்காமல் மூடினேன். மழைக்காலம் முடிந்து திறந்தபோது செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறி, இரண்டு ஒயர் தொட்டவுடன் உதிர்ந்தன. பற்ற வைத்த அன்றே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் ஐபிஏ தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காற்றோட்டமான இடத்தில், அயர்னை அணைத்த பிறகு செய்யுங்கள், அது பற்றிக்கொள்ளும் திரவம். காய்ந்ததும் இணைப்புகளின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடித்தேன், இதுவரை களிம்பு வரவில்லை. ஊசிகள் மேல் மட்டும் அது படக் கூடாது. ஆடாத நாட்களில் போர்ட்டுக்கு ஒரு மூடி போடுங்கள். டிபி9-க்கான பிளாஸ்டிக் தொப்பி கனெக்டர் விற்கும் கடையிலேயே கிடைக்கும்.

பெட்டியை மூடும் முன், கால்களின் பெயர் எழுதிய அந்தத் தாளை மூடியின் உட்புறம் செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வெளியே, போர்ட்டுக்கு மேலே, "இந்த ஜாய்ஸ்டிக் மட்டும்" என்று மார்க்கரில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அக்கா பையன் அதற்குப் பக்கத்தில் 1, 2 என்றும் எழுதி வைத்திருக்கிறான்.